இயக்குநரின் செல்களுக்கு மூப்பில்லை

நிலையத்தில் எல்லோருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. வாசல் காவலாளிக்குக் காது மந்தமாகிவிட்டது. நூலகர் இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, எதில் தெரிகிறது என்பதை மறந்துவிடுவார். தொடங்கிய காலத்தில் வாங்கிய குளிர்பதனப் பெட்டிகள்கூட மூட்டுவலிக்காரர்களைப் போல முனகிக்கொண்டே ஓடின. இயக்குநரின் செல்களுக்கு மட்டும் வயதாகவில்லை.

உடம்பின் செல்களுக்குள் இருக்கும் மரபணுக்களில் எது எப்போது விழிக்கிறது, எது எதனால் உறங்கிப்போகிறது என்று ஆராய்வதற்காக ஏற்பட்ட நிலையம் அது. திறப்பு விழாவன்று இயக்குநர் மேடையிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டு, இடது முன்கையிலிருந்து கடுகளவு தோலை எடுத்துக்கொள்ளக் கொடுத்தார். எடுத்தவரைவிட எடுக்கக் கொடுத்தவருக்குத்தான் கைதட்டல் அதிகம். அந்தத் தோலிலிருந்து வளர்ந்த செல்களே நிலையத்தின் சொத்து. அவை பட்டினியைத் தாங்கும் விதம், சூட்டில் பதறாத விதம், நெருக்கடியில் எந்த மரபணுவை எழுப்பி எதை அமர்த்துகின்றன என்ற விவரம் எல்லாம் கட்டுரைகளாகி, நூலகத்தில் ஒரு சுவரை அடைத்துக்கொண்டு நின்றன. ‘தலைமைப் பண்பின் மரபணு ஒழுங்கு’ என்ற கட்டுரைக்குப் பரிசுகூடக் கிடைத்தது. பரிசைக் கொடுத்ததும் நிலையம்தான்.

அந்தச் செல்களைப் பேணி வளர்க்க ஒருவர் இருந்தார். முனைவர் பட்டம் வாங்கியவர். ஆனால் பட்டத்தைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. செல் வளர்ப்புப் பிரிவில் இருந்ததால் ‘வளர்ப்பு’ என்பதே பெயராக நிலைத்துவிட்டது. “வளர்ப்பு வந்தாச்சா?” என்று கேட்பார்கள். “வளர்ப்பு சாப்பிடப் போயிருக்கு” என்பார்கள். முதலில் சுருக்கென்றது. பிறகு, வீட்டில் தொலைபேசியை எடுக்கும்போதே “வளர்ப்பு பேசறேன்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவருடையது ஒப்பந்த வேலை. வருடாவருடம் நீட்டிப்பார்கள். நீட்டிப்பார்களா மாட்டார்களா என்பதைக் கடைசி நாள் வரை சொல்ல மாட்டார்கள். இதற்கு முன்பு வேறு ஊர்களில், வேறு நிலையங்களில் நீட்டிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதனால் அவருடைய மகள் பல பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டாள். புதுப் பள்ளியில் யாராவது சிநேகமாகச் சிரித்தால், “நான் எத்தனை நாள் இருப்பேன்னு தெரியாது” என்று முதலிலேயே சொல்லிவிடும் வழக்கம் அந்தப் பெண்ணுக்கு வந்திருந்தது. ஆசிரியை ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் வளர்ப்புக்கு இது தெரியவந்தது.

செல்களுக்குப் பசிக்கும். இன்குபேட்டருக்குள் உடம்புச் சூட்டில் வைத்து, வேளை தவறாமல் ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும். விடுமுறை என்பது அவற்றுக்குப் புரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்ப்பு சட்டையை மாட்டும்போது மனைவி எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

நிலையத்துக்கு விருந்தினர் வந்தால் ஊட்டும் வைபவம் நடக்கும். அமைச்சரோ, வெளிநாட்டுப் பேராசிரியரோ, பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரோ, யாராக இருந்தாலும் வெள்ளைக் கோட்டு போர்த்தி, கையில் துளி விடும் குழாயான வெள்ளிப் பிப்பெட்டைக் கொடுத்து, இயக்குநரின் செல்களுக்கு ஒரு துளி ஊட்டச் சொல்வார்கள். விருந்தினர்களுக்குக் கை நடுங்கியது. அதனால் பதிவாளர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பக்கத்து ஆய்வகத்தின் எலி ஈரல் செல்களை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்து, முதலில் அதில் ஒத்திகை பார்க்கச் சொல்வார்கள். எலிக்கு ஒரு துளி ஊட்டிக் கை பழகியதும், அதே பிப்பெட்டால் இயக்குநருக்கு ஒரு துளி.

இரண்டு வகைச் செல்களை ஒரே நேரத்தில் திறந்து வைக்கக் கூடாது, தொட்ட பிப்பெட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது செல் வளர்ப்பவர்களின் முதல் பாடம். சுவரில்கூடப் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் அதில் ‘பிளாஸ்டிக் பிப்பெட்’ என்றுதான் எழுதியிருந்தது. வெள்ளியை யார் தூக்கி எறிவார்கள்? வளர்ப்பு வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை வாயைத் திறந்தார். “அது வைபவம், சோதனை இல்ல. வைபவத்துல கிருமி பிடிக்காது” என்று பதிவாளர் சொல்லிவிட்டார்.

அந்த வருடம் இயக்குநருக்கு ஓய்வு வயது வந்தது.

பதிவாளர் வளர்ப்பைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இது இதுவரை நடந்திராத ஒன்றாகையால், வளர்ப்பு நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார்.

“இயக்குநருக்கு வயசு என்ன?”

“ஓய்வு வயசு ஆயிடுச்சுன்னு சொன்னாங்க சார்.”

“அது அவங்க அப்பா அம்மா சொன்ன வயசு. கேட்டுக்கிட்ட பேச்சு. வயசுன்னா எதோட வயசு? பல்லோடதா, முடியோடதா? நாம யாரு? செல் நிலையம். செல்லோட வயசைத்தானே நாம வயசுன்னு ஒத்துக்கணும்?”

வளர்ப்புக்கு எங்கே தலையாட்டுவது என்று தெரியவில்லை.

“இயக்குநரோட செல் இத்தனை வருஷமா பெருகிட்டே இருக்கு. தளரலை, நிக்கலை. உலகத்துல யாருக்கும் இப்படி இல்ல. அப்போ அவருக்கு ஓய்வு வயசு வரலை. வர்ற ஆட்சிக்குழுக் கூட்டத்துல நீங்க எழுந்து இதை ஒரு வார்த்தை சொல்றீங்க. வளர்த்த கை சொன்னா மதிப்பு தனி.” பதிவாளர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “அதே கூட்டத்துலதான் உங்களை நிரந்தரமாக்கறதும் வருது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லை. பக்கத்துல பக்கத்துல இருக்கு, அவ்வளவுதான்.”

வெளியே வந்ததும் வளர்ப்புக்கு முதலில் மகளின் முகம்தான் மனசில் வந்தது. இரண்டாவதாக ஒரு சந்தேகம் வந்தது. அது புதிய சந்தேகம் இல்லை. நாள்பட்ட வயிற்றுவலி மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று அவரே பார்க்காமல் விட்டுவைத்திருந்தது. மனிதத் தோலின் செல்கள் ஒரு அளவுக்குப் பிரியும், பிறகு களைத்து நின்றுவிடும். எல்லா மனிதர்களுக்கும் அப்படித்தான். நிற்காமல் பிரிகிறதென்றால் அது நோய், அல்லது வேறு ஏதோ. தோல் செல் ஓடை மீன்களைப் போல நீளநீளமாக, ஒரே திசை பார்த்துக் கிடக்கும். இயக்குநரின் செல்களோ தெருவில் பதித்த கல் மாதிரி கட்டம்கட்டமாக இருந்தன. பெரிய மனிதரின் செல், கொஞ்சம் வித்தியாசமாகத்தான் இருக்கும் என்று நிலையமே சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று அவர் இயக்குநர் தட்டின் குரோமோசோம்களைச் சாயமேற்றி எண்ணினார். மனிதனுக்கு இருக்க வேண்டியதைவிட எண்ணிக்கை குறைந்தது. தவறாக எண்ணிவிட்டோம் என்று வேறு தட்டிலிருந்து எடுத்து மறுபடி எண்ணினார். மறுபடியும் அதே அளவு குறைந்தது. சாயமேற்றிய கண்ணாடித் தகட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து ஆய்வகத்துக்குப் போனார்.

அங்கே இருந்த அம்மாளுக்கு எலியக்கா என்று பெயர். எலி ஈரலோடு பாதி ஆயுளைக் கழித்தவர். ஓய்வு வயதைப் பற்றிக் கவலைப்படாதவர், காரணம் அவருடைய பதவியை யாரும் கேட்டு வரப்போவதில்லை.

“அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். எதுவும் சொல்லாம பாருங்க.”

எலியக்கா நுண்ணோக்கியில் குனிந்தார். அப்படியே இருந்தார். வளர்ப்பு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நம்ம பிள்ளைங்க” என்றார் எலியக்கா.

“இது இயக்குநர் தட்டு, அக்கா.”

“தட்டு அவருதுதான். யாரு இல்லைன்னா? உள்ள குடியிருக்கறது நம்ம பிள்ளைங்க.”

“எல்லாத் தட்டுலயுமா?”

“நம்ம ஈரல் செல் இருக்கே, அது நிக்காம பெருகும், வாடகைக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கற ஜாதி. ஒண்ணு உள்ள போனா போதும். அவரோடது மெதுவா வளர்றது. இதுங்களுக்கு ஈடு குடுக்குமா?”

“அவரோட செல்?”

“அது எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கும்.”

வளர்ப்பு மெதுவாகக் கேட்டார்: “அப்போ இத்தனை கட்டுரை? மரபணு வரிசை எல்லாம் படிச்சாங்களே? எலின்னா அதுல தெரிஞ்சிருக்குமே?”

“கணினிக்காரங்ககிட்ட போய்க் கேளு.”

கேட்டார். கணினிக்காரர் சந்தோஷமாக விளக்கினார். மனித மரபணுவோடு பொருந்தாத வரிகளை எல்லாம் தூசி என்று தள்ளிவிடும்படி இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எலியும் மனிதனும் ஒத்துப்போகும் கொஞ்ச வரிகள் மிஞ்சும். கட்டுரை எழுத அது தாராளம்.

“தூசி நிறைய வருமா?” என்று கேட்டார் வளர்ப்பு.

“ஏகப்பட்ட தூசி சார். நாங்ககூட ஜன்னலை மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தோம்.”

வீட்டில் மனைவி மருந்துக்கடை வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டாள்.

“அப்போ இவ்வளவு நாளா எலிக்கா சோறு போட்டுட்டு இருந்தீங்க?”

“ஈரலுக்கு.”

“எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ‘இயக்குநருக்குப் பசிக்கும்’னு பாதியில எழுந்து போனீங்க. ஞாபகம் இருக்கா?”

இருந்தது. உள்ளறையில் மகள் பாடம் படிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“சொல்லாம இருக்க முடியுமா உங்களால?” என்றாள் கடைசியில்.

“இருக்கணும்னுதான் பார்க்கறேன்.”

“முகத்தைப் பார்த்தா தெரியுது எப்படிப் பார்க்கறீங்கன்னு.” எழுந்து செருப்பைக் கழற்றினாள். “சரி. சொல்றதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க. காலி பண்ண வேண்டியிருக்கும்னு வீட்டு ஓனர்கிட்ட பேசி வைக்கறேன்.”

மறுநாள் பதிவாளரிடம் சொன்னார். பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திறந்தபோது முதலில் கேட்டது இதுதான்:

“வேற யாருக்குத் தெரியும்?”

“எலியக்காவுக்கு.”

“எலிங்களுக்கு?”

“எலிங்களுக்குச் சொல்லலை சார்.”

“நல்லது.”

ஆட்சிக்குழு கூடியது. நீண்ட மேசை. நடுவில் இயக்குநர், வெள்ளை வெளேரென்ற தலைமுடியோடு, பேசுவதற்கு முன் மௌனமாக இருக்கும் பழக்கத்தால் பெயர் வாங்கியவர். அவருடைய மௌனங்கள் அவருடைய பேச்சுகளைவிடச் சிறந்தவை என்று ஒரு விழா மலரில் எழுதியிருந்தார்கள். வளர்ப்பு எழுந்தார். மனப்பாடம் செய்துவைத்த வாக்கியத்தை விட்டுவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்.

“இயக்குநர் தட்டுல இருக்கறது எலி சார். மன்னிக்கணும்.”

இயக்குநர் மௌனமாக இருந்தார். எல்லோரும் அந்த மௌனத்தைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு அவர் பேசினார்.

“நண்பர்களே, நம்ம உடம்புல கண் இருக்கு, தோல் இருக்கு, எலும்பு இருக்கு. எல்லா செல்லுக்குள்ளயும் இருக்கற புத்தகம் ஒண்ணுதான். எந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கறோம்ங்கறதுலதான் இது கண், இது தோல்ங்கற வித்தியாசம் வருது. நம்ம துறை வாழ்நாள் முழுக்கச் சொன்னது இந்த ஒரு விஷயத்தைத்தான். ஒரு செல் யாருங்கறது அதுக்குள்ள என்ன எழுதியிருக்குங்கறதுல இல்ல. அதை யார், எப்படி வாசிக்கறாங்கங்கறதுல இருக்கு. இத்தனை வருஷமா இந்த நிலையம் அந்த செல்லை நான்னு வாசிச்சிருக்கு. அப்படி இருக்கும்போது அது எலின்னு சொல்றது ரொம்பக் குறுகின பார்வை. நான் எழுதின கட்டுரைகளை நானே படிச்சதில்லை. ஆனாலும் அது என்னோடதுதானே?”

கைதட்டினார்கள். உண்மையில் அழகான பேச்சு. வளர்ப்புக்கே கைதட்ட வந்தது.

பதிவாளர் தொண்டையைச் செருமினார். “ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. தட்டுல எலி, கட்டுரையில மனுஷன்னு இருந்தா நாளைக்கு எவனாவது கேட்பான். ரெண்டும் ஒத்துப்போகணும். ஒண்ணு, கட்டுரையை எல்லாம் திருத்தணும். அது ஒரு சுவர் நிறைய இருக்கு. இல்லன்னா, செல் குடுத்தவர் பேருக்கு எதிர்ல மனிதர்னு போட்டிருக்கறதை எலின்னு திருத்தணும். அது ஒரு சொல். எது சுலபம்?”

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சொல்தான் சுலபம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

“அப்போ இயக்குநர்…” என்று இழுத்தார் ஒருவர்.

“ஆவணத்துல மட்டும்” என்றார் பதிவாளர்.

இந்த இடத்தில் விலங்கு நெறிக்குழுத் தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார். யாரும் அவரை எதுவும் கேட்டதில்லை. “ஆய்வு விலங்குன்னு பதிவாயிட்டா எங்க விதிகள் பொருந்தும். ஆய்வு விலங்குக்கு ஓய்வு வயசுன்னு எதுவும் கிடையாது.”

அறை முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது.

“அதைத்தானே நாம தேடிட்டு இருந்தோம்” என்றார் பதிவாளர், தழுதழுத்த குரலில்.

“ஐயாவோட சம்மதம் வேணாமா?” என்று வளர்ப்பு கேட்டுவிட்டார்.

தலைவி விதியைப் பார்த்தார். “விலங்கோட சம்மதம் தேவையில்லை.”

அடுத்ததாக, விலங்கு என்று ஒன்று இருந்தால் அதற்கு நிரந்தரப் பராமரிப்பாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றும் விதி இருந்தது. ஒப்பந்த ஆளை வைக்கக் கூடாது, விலங்குக்கு முகம் பழக வேண்டும். வளர்ப்பு அன்றே நிரந்தரமானார். உண்மையைச் சொன்னதற்காகவா, சொல்லியும் பயனில்லாததற்காகவா என்று அவருக்குப் புரியவில்லை. வீட்டில் சொன்னதும் மகள் ஒன்றும் பேசாமல் போய், மறுநாள் ஒரு சிநேகிதியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

விதிப்படி இயக்குநர் இரவும் பகலும் தன் அறையிலேயே இருக்க வேண்டியதாகிவிட்டதால், புது வேலை எளிதாக இருந்தது. காலையில் இயக்குநரை எடை பார்க்க வேண்டும். தண்ணீர் வைக்க வேண்டும். அறையின் வெப்பத்தைக் கூடாமல் குறையாமல் வைத்து, பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்ட வேண்டும். விலங்கு சலிப்படையாமலிருக்க விளையாட்டுப் பொருள் வேண்டும் என்று விதி சொன்னதால், பதிவாளர் கம்பளக் கடையிலிருந்து ஆள் நுழையும் அளவுக்கு ஒரு அட்டைக் குழாயை வரவழைத்து அறையின் மூலையில் போட்டார். இயக்குநர் முதலில் பெருமையாகத்தான் இருந்தார். “ஆராய்ச்சியாளனும் ஆராய்ச்சிப் பொருளும் ஒண்ணாகற நிலை” என்று ஊழியர்களுக்கு உரை நிகழ்த்தினார். அவருடைய மனைவி பார்வையாளர் நேரத்தில் வந்து, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கையசைத்துவிட்டுப் போனார்.

“ராத்திரி தூங்கினீங்களா சார்?”

“விளக்கை அணைச்சுட்டா வேற என்ன பண்றது?”

“எடை கொஞ்சம் குறைஞ்சிருக்கு.”

“போட்டுக்கோங்க.”

நாளாக ஆக உரைகள் குறைந்தன, மௌனங்கள் கூடின. இப்போது யாரும் அவற்றைக் குறித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் எடை பார்க்கும் மேடையிலிருந்து இறங்காமலே அவர் கேட்டார்.

“வளர்ப்பு, என்னோடது எப்படி இருந்திருக்கும்?”

“எது சார்?”

“நிஜமாவே என்னோடது. நான் பார்த்ததே இல்ல. எல்லாரும் என்னைப் பத்தி எழுதினதைத்தான் பார்த்தேன்.”

வளர்ப்பு அவருடைய வலது முன்கையிலிருந்து கடுகளவு தோலை எடுத்தார். இந்தமுறை கைதட்டல் இல்லை. பிளாஸ்டிக் பிப்பெட், தனி ஊட்டத் திரவம், தனித் தட்டு. எலியக்காவை அந்தப் பக்கமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செல்கள் மெதுவாகக் கிளம்பின. தோல் துணுக்கின் ஓரத்திலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. நீளநீளமாகப் படுத்துக்கொண்டன. கொஞ்ச காலம் பிரிந்தன. பிறகு அகன்று, தட்டையாகி, நின்றுவிட்டன.

நுண்ணோக்கியை இயக்குநரின் அறைக்கே கொண்டுபோனார். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“இறந்துடுச்சா?”

“இல்ல சார். பெருகறதை நிறுத்திடுச்சு. மத்தபடி இருக்கும், மூச்சு விடும், அதோட வேலையைப் பார்க்கும். வயசானா அப்படித்தான்.”

“எந்த மரபணு நிறுத்துது?”

“நிறைய சேர்ந்து நிறுத்துது சார். முன்ன தூங்கினது சிலது எழுந்துக்கும். எழுந்திருந்தது தூங்கிடும்.”

“தப்பா ஒண்ணும் நடக்கலையே?”

“இல்ல சார். ஒழுங்காதான் நடந்திருக்கு.”

இயக்குநர் நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், நுண்ணோக்கி பார்த்தால் கண்ணில் நீர் வருவது சகஜம்தான். “நான் வீட்டுக்குப் போறேன்” என்றார்.

ஓய்வு கேட்டு அவர் வைத்த வேண்டுகோள் நெறிக்குழுவுக்குப் போனது. தலைவி பரிவோடு பரிசீலித்தார். ஆய்வு விலங்கை வெளியே விடுவதற்கில்லை என்று பதில் வந்தது. சுற்றுச்சூழலுக்கு ஆகாது. வளாகத்தை விட்டு ஒரு விலங்கு வெளியேற இரண்டே வழிகள். ஒன்று, வேறு ஆய்வகத்துக்கு மாற்றுவது. இரண்டாவது வழியை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

“நான் மனுஷன்னு நிரூபிக்கலாமே. புதுத் தட்டு இருக்கே” என்றார் இயக்குநர்.

பதிவாளர் வருத்தத்தோடு தலையசைத்தார். “நிரூபிக்கலாம் ஐயா. ஆனா அப்புறம் அந்தச் சுவர் நிறைய இருக்கறதைத் திருத்தணுமே. நீங்க எழுதினதுதானே, உங்களுக்கே மனசு வருமா?”

அன்று வளர்ப்பு வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“என்ன ஆச்சு?”

“அவரைக் கடைசி வரைக்கும் எடை போடணும் போல இருக்கு.”

“கதவைப் பூட்டறது யாரு?”

“நான்தான்.”

“பூட்டாம விட்டா?”

“விலங்கைத் தவறவிட்டா பராமரிப்பாளர் வேலை போயிடலாம். போகும்னுதான் நினைக்கறேன்.”

மனைவி மகளின் அறைப் பக்கம் பார்த்தாள். உள்ளே இரண்டு பெண்கள் எதற்கோ அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தச் சிரிப்பு ஓயும் வரை காத்திருந்தாள்.

“ஒரு ஆளைப் பூட்டிட்டு வந்து நீங்க தினமும் இப்படி சோத்தைப் பிசையறதை என்னால பார்க்க முடியாது” என்றாள். “ஓனர்கிட்ட மறுபடியும் பேசறேன். அவருக்கும் இப்போ பழகியிருக்கும்.”

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் வளர்ப்பு விளக்கை அணைத்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“எலிங்க அப்பப்போ தப்பிச்சுடும் சார். எங்களுக்கு அது புதுசில்ல” என்றார்.

இயக்குநர் இருட்டில் தடவித் தன் குடையைத் தேடி எடுத்தார். “உங்க வேலை?”

“பார்த்துக்கலாம்.”

“நான் உங்களை வளர்ப்புன்னே கூப்பிட்டுட்டு இருந்திருக்கேன். உங்க நிஜப் பேர் எனக்குத் தெரியாது.”

“பரவாயில்ல சார். உங்க பேரையும் யாரும் சொல்றதில்ல.”

பின்பக்கப் படிக்கட்டு, சைக்கிள் நிறுத்துமிடம், சின்ன வாயில். காது மந்தமான காவலாளி அந்த வாயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இயக்குநர் குடையைக் கைத்தடி போல ஊன்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருமுனை வரை போய், பேருந்து எந்தப் பக்கம் வரும் என்று யாரிடமோ கேட்பது தெரிந்தது. அவர் பேருந்தில் போய்ப் பல காலம் ஆகியிருக்கும்.

காலையில் வளர்ப்பு போய்ச் சொன்னார். “விலங்கு தப்பிச்சுடுச்சு சார். நான்தான் கதவைப் பூட்டலை.”

இதற்கும் விதி இருந்தது. தப்பிய விலங்கைத் தேட வேண்டும். தாழ்வாரங்களில் பொறிகள் வைக்கப்பட்டன. வழக்கமான அளவு போதாது என்று தச்சரை வைத்து ஆள் உயரத்துக்குச் செய்தார்கள். உள்ளே பிஸ்கெட்டும், இயக்குநருக்குப் பிடிக்குமென்று ஒரு ஒலிபெருக்கியும் வைத்தார்கள். நூலகர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டுமுறை பொறிக்குள் மாட்டிக்கொண்டார். விலங்கு இறந்ததாக உறுதியாகாததால் புது இயக்குநரைப் போட முடியாது என்று தலைவி சொன்னார். நாற்காலி காலியாகவே இருந்தது. நிலையம் முன்னைவிட நன்றாக ஓடியது.

பராமரிப்பாளரை என்ன செய்வது என்ற கேள்வி கடைசியாக வந்தது. வளர்ப்பு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைவி ஒரு பக்கத்தைத் திருப்பினார், இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

“விலங்குக்கு அவர் முகம் பழகியிருக்கு. அதனால தேடவேண்டியது அவர்தான். தேடுதல் முடியற வரைக்கும் அவரை எடுக்க முடியாது” என்றார்.

“தேடுதல் எப்போ முடியும்?” என்று கேட்டார் பதிவாளர்.

“விலங்கு கிடைச்சதும்.”

அன்றிலிருந்து வளர்ப்புக்குத் தேடுவதே வேலை. டார்ச்சை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்குக் கீழே பார்ப்பார். குழாய்களுக்குப் பின்னால் பார்ப்பார். சாயங்காலம் “இன்றும் இல்லை” என்று பதிவாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். இதை மனதாரச் செய்தார். செய்கிற வேலையில் குறை வைப்பது அவருக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு முடி வெட்டும் கடைக்குப் போனார். காத்திருக்கும் பெஞ்சில், பழைய செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு இயக்குநர் உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்து, கொஞ்சம் சதை போட்டு, நன்றாக வயதாகியிருந்தார். பக்கத்தில் இடம் இருந்தது. வளர்ப்பு உட்கார்ந்தார். இருவரும் எதிரிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள்ளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து, செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பியபடியே இயக்குநர் கேட்டார்.

“கிடைச்சுட்டேனா?”

“இன்னும் இல்ல சார்.”

“நல்லாத் தேடறீங்களா?”

“தினமும் தேடறேன் சார்.”

“தேடுங்க” என்றார் இயக்குநர். முடி வெட்டுபவர் துண்டை உதறி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இயக்குநர் எழுந்து போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்பக் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.